மலாய்க் கரையில் தமிழ் முஸ்லிம்கள்

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் பகுதியில் சுல்தான் பள்ளிவாசல் என்னும் பெரும்பள்ளி ஒன்று உள்ளது. அதன் பொன்னிறக் குவிமாடத்தை அண்ணாந்து நோக்குவோர், மாடத்தின் அடியைச் சுற்றிக் கறுத்து மின்னும் பட்டை ஒன்றைக் காண்பர். சொல்லக் கேட்டாலன்றி அஃது இன்னதென்று விளங்காது. அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். நூறாண்டு பழமையான பள்ளியை அகற்றி 1920களில் புதிய பள்ளியை எழுப்பியபோது செல்வர்கள் பணம் ஈந்தனர். பணமில்லாதவரும் அத்திருப்பணியில் பங்கு பெறல் வேண்டும் என்னும் கருத்தால், ஏழை முஸ்லிம்களிடமிருந்து புட்டிகள் பெறப்பட்டன. அவற்றையே வரிசையாகப் பதித்துக் குவிமாடத்திற்கு அணிசெய்தனர்.

புட்டி கொடுத்தவர்களின் தாய்மொழி ஒன்றன்று. இதனை அப்பள்ளியின் ஆட்சிமுறையே காட்டும். 1914ஆம் ஆண்டில் அரசு அப்பள்ளியின் நிலக்குத்தகையை 999 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அப்போது புதிய அறங்காவலர் குழு ஒன்றும் அமைந்தது. அதில் பன்னிருவர் இடம்பெற்றனர்: மலாயர் இருவர், ஜாவாக்காரர் இருவர், பூகிசர் இருவர், அரபியர் இருவர், வட இந்தியர் இருவர், தமிழர் இருவர். தலையெண்ணிக்கை பார்த்து இடம் பகிரவில்லை. எண்ணிக்கையில் பெரியோர்க்கும் இருவர், சிறியோர்க்கும் இருவர் என்பதே முறை. வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழ்ந்து, சங்கத்தின் செயற்குழுவிற்கு ஊர்வாரியாக ஆள் தேர்ந்தெடுக்கும் இடர்ப்பாட்டை ஆண்டுதோறும் காணும் நமக்கு இவ்வேற்பாட்டின் அருமை நன்கு புலப்படும்.

அவ்விரு தமிழ் இடங்கள் எவ்வாறு வாய்த்தன? மலாய்க் கரைக்கும் சோழமண்டலக் கரைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஆயினும் ஈண்டு நாம் நெடுந்தொலைவு பின்னோக்க வேண்டுவதில்லை. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் பினாங்குத் தீவைக் கைப்பற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடி ஏற்றினார். எதிர்க்கரையில் உள்ள கெடா நாட்டில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தனர். புதிய துறைமுகம் திறந்ததும் அவர்கள் தீவுக்குக் கடை மாற்றினர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். 1794ஆம் ஆண்டில் லைட் எழுதிய குறிப்பின்படி ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்குக் குடியேறியிருந்தனர். அவர்களுட் சிலர் குடும்பத்துடன் வாழ்ந்தனர். இவர்களன்றி ஆண்டுதோறும் ஆயிரத்து முந்நூறு முதல் ஈராயிரம் ஆடவர் மரக்கலம் ஏறி வந்து, கூலிவேலையும் சிறுவணிகமும் செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவர். அவர்கள் இடத்திற்கு வேறு ஆடவர் வருவர்.

இவர்களை ஆங்கிலேயர் 'சூலியர்' என்று எழுதினர். சோழியர் என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியர் தெரு இன்றும் உண்டு. மலாயர் வழங்கிய 'கெலிங்' என்னும் பெயர் கலிங்கத்தின் வழிவந்தது. தொடக்கத்தில் அதில் இழிவு ஏதும் இல்லை. பிற்காலத்தில்தான் அது வசைச்சொல்லாகத் தேய்ந்தது. குடியேறியவர்க்கு ஊரார் இடும் பெயர்கள் பலவும் அவ்வாறே தேய்வதை நாமும் அறிவோம்.

1801ஆம் ஆண்டில் பினாங்கில் சூலியர்க்குப் பள்ளிவாசல் கட்டக் கம்பெனி நிலம் அளித்தது. அவர்களின் தலைவர் காதர் மொகிதீன், கப்பித்தான் கெலிங் என்னும் பதவிப் பெயரைத் தாங்கியவர். பள்ளியும் அப்பெயராலேயே இன்றளவும் வழங்குகின்றது. ஏழாண்டு கழித்து, 1808இல், அச்சே நாட்டிலிருந்து வந்த சையது உசேன் ஐதீது என்னும் அரபு வணிகர் அதே நகரில் அச்சேத் தெருப் பள்ளியைக் கட்டினார். இரு பள்ளிகளுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவே உண்டு. ஒரே இறைவனை ஒரே திசை நோக்கித் தொழுவோர் இத்துணை அருகில் இரண்டு பள்ளிகள் கட்டியது ஏன்? விடை எளியது. முதலில் வந்தவர் தம் ஊராரையே நாடினர். வந்திறங்கியவனுக்கு ஓரிரவு தங்க இடம், பிணியுற்றால் கஞ்சி, இறந்தால் நல்லடக்கம், ஊருக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் ஆகிய இவை அனைத்தும் பள்ளியைச் சார்ந்தே கிடைத்தன. அவற்றைத் தாய்மொழியில் கேட்டுப் பெறுவதே இயல்பு.

சிங்கப்பூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1819இல் அந்நகர் தோன்றிய பின் பினாங்கிலிருந்தும் நேரே தமிழகக் கரையிலிருந்தும் சூலியர் வந்தனர். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் அன்சார் சாகிபு என்பவரின் தலைமையில் ஜாமிஆ சூலியா பள்ளி தோன்றியது. அடுத்த ஆண்டு தெலுக் ஆயர் தெருவில் ஓலைக்குடிலாக மற்றொன்று எழுந்தது. அதன் இன்றைய பெயர் அல் அப்ரார் பள்ளி. எனினும் அக்குடிலைக் கண்ட தமிழர் இட்ட பெயர் குச்சுப்பள்ளி. குச்சு என்றால் சிறு குடிசை. அரபுப் பெயர் அழகியதே. நமக்குக் குச்சுப்பள்ளி என்பதே இனிக்கின்றது.

குச்சுப்பள்ளிக்கு அண்மையில், அதே தெருவில், 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் சாகுல் அமீது ஆண்டகை அடங்கிய இடம் தமிழகத்து நாகூரே. சிங்கப்பூரில் உள்ளதும் பினாங்கில் உள்ளதும் அவர் நினைவாக எழுப்பிய கட்டடங்கள். அவற்றுள் அடக்கம் இல்லை. தெலுக் ஆயர் அந்நாளில் கடற்கரைத் தெரு. பின்னரே கடலைத் தூர்த்துக் கரையை அப்பால் தள்ளினர். கடலில் புயலுக்குத் தப்பி வந்த மாலுமி கரையேறியவுடன் நன்றி செலுத்த ஓரிடம் வேண்டுமன்றோ? மாலுமிகளின் காவலர் எனப் போற்றப்பட்டவர் நாகூர் ஆண்டகை. அத்தெருவிலேயே சீனரும் 1839 முதல் 1842 வரை தம் கடற்றெய்வத்திற்குத் தியான் ஹொக் கெங் கோயிலை எழுப்பினர். மாலுமியின் அச்சத்திற்கு மதவேறுபாடு இல்லை போலும்! தர்காவையும் ஜாமிஆ பள்ளியையும் குச்சுப்பள்ளியையும் சிங்கப்பூர் அரசு 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தது.

தனித்தனிப் பள்ளிகள் என்று கூறினோம். ஆயினும் சுவர்கள் நெடுநாள் பிரித்து வைக்கவில்லை. டன்லப் தெருவில் 1859இல் மரத்தாலான பள்ளி ஒன்று இருந்தது. அதில் தொழுதவர்கள் இரு திறத்தார். ஒரு சாரார் அப்பகுதியில் கடை வைத்திருந்த தென்னிந்திய வணிகர். மறு சாரார் ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியான் தீவிலிருந்து வந்த குதிரைக்காரர். குதிரைப்பந்தயத் திடலை அடுத்துக் குடியிருந்தவர்கள். கடைக்காரருக்குப் பாவியான் மொழி தெரியாது; குதிரைக்காரருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் ஓரணியில் தோளொட்டி நின்றனர். அவ்விடத்தில் 1907இல் தொடங்கி 1910இல் நிறைந்த கட்டடமே இன்று அப்துல் கபூர் பள்ளி என வழங்குவது. அதன் முகப்பில் கதிரவன் போன்ற வடிவம் ஒன்று உண்டு. அதன் 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இவ்வளவு எளிதில் கலந்து தொழ முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழகக் கடற்கரையின் மரைக்காயர் ஷாஃபி நெறியினர். மலாயரும் ஜாவாக்காரரும் பூகிசரும் ஹத்ரமவுத்து அரபியரும் அந்நெறியினரே. தொழுகையின் சிறு முறைகளும் பொழுதும் அவர்க்கு ஒத்திருந்தன. ஹனஃபி நெறியினரான உள்நாட்டு இராவுத்தரும் வட இந்தியரும் மாலைத் தொழுகையைச் சற்றுப் பிந்தித் தொடங்குவர். வேறுபாடு அவ்வளவே. எனினும் ஒரே நெறி என்பது திருமணப் பேச்சில் தடையின்றிப் போக உதவியது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மொழியின் நிலை இன்னும் சுவையானது. இஸ்லாம் அரபுநாட்டில் பிறந்தது. மறையின் மொழி அரபு. ஆயினும் தமிழ் முஸ்லிம் தன் அன்றாட வழிபாட்டைக் குறிக்கும் சொற்களை வேற்றுநாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. அவன் தொழுகை என்றான், நோன்பு என்றான், ஓதுதல் என்றான், சமண முனிவர் உறைவிடத்திற்கு முன்னோர் வழங்கிய பள்ளி என்னும் சொல்லைத் தன் வழிபாட்டிடத்திற்கு வைத்தான். மலாயனும் அதனையே செய்தான். அவன் தொழுகை 'செம்பாயாங்'. வணக்கத்தைக் குறிக்கும் செம்பா என்னும் சொல்லும் பழந்தெய்வத்தைக் குறிக்கும் யாங் என்னும் சொல்லும் கூடியது. அவன் நோன்பு 'புவாசா'. உபவாசம் என்னும் வடசொல்லின் திரிபு. நோன்பு முடிந்து வரும் திருநாளைத் தமிழன் பெருநாள் என்றான். மலாயன் 'ஹரி ராயா' என்றான். ஹரி என்பது நாள். ராயா என்பது பெரிது. ஒருவரைப் பார்த்து மற்றவர் மொழிபெயர்த்ததாகக் கூறச் சான்றில்லை. இரு மக்களும் தத்தம் பழஞ்சொற்களுக்குள் புதிய நெறியைக் குடியேற்றிக்கொண்டனர். சந்தித்தபோது இருவர் கையிலும் ஒரே பொருள் இருந்தது.

கடன் கொடுத்த சொற்களும் பல. கப்பல் அங்கே காப்பால், கடை கெடை, கட்டில் காத்தில், குளம் கோலம், மாளிகை மாலிகை, சுருட்டு செருத்து, ஆப்பம் ஆப்பாம். வணிகத்திற்கு இடும் முதல் அவர்களுக்கு மோடால். இவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது லெபை என்னும் சொல். தமிழகத்து லெப்பை என்னும் பெயரே அது. மலாய்ச் சிற்றூரில் தொழுகை நடத்தி மறையோதும் பெரியவரை அச்சொல்லால் அழைப்பர். எழுத்திலும் ஒற்றுமை இருந்தது. மலாயர் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அதற்கு ஜாவி என்று பெயர். தமிழ் முஸ்லிம்களும் தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபு உடையவர்கள். அதனை அர்வி என்றும் அரபுத் தமிழ் என்றும் வழங்குவர். மலாய் அறியாத நாகூர்க்காரரும், பொருள் விளங்காவிடினும், மலாய் நூலை எழுத்துக்கூட்டிப் படித்தல் இயலும்.

இக்கலப்பின் முழு உருவமாக ஒரு மனிதரைக் காட்டலாம். அவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கிச் சமயக் கல்வி பயிற்றியவர். அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவர்தம் மக்களுள் ஒருவர் மலாக்காவிற்கு வந்தார். ஏமனும் நாகூரும் மலாக்காவும் கூடிய குருதி அப்துல்லாவினுடையது. 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில் அவர் ஒரு செய்தி கூறுகின்றார். சிறுவனாயிருந்தபோது தந்தை அவரைத் தமிழ் கற்க அனுப்பினாராம். மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் பயில்வது முன்னோர் காலம் தொட்டு வந்த வழக்கமாம். கணக்கிடுவதற்கும் வணிகரோடு உரையாடுவதற்கும் தமிழ் வேண்டியிருந்ததாம். இதனைப் படிக்குந்தோறும் நாம் சிறிது நின்றுவிடுகின்றோம். அயல்மண்ணில் ஒரு காலத்தில் தமிழ், பெற்றோர் வற்புறுத்தும் பயன்மொழியாக இருந்திருக்கின்றது! பின்னர் இராஃபிள்சுக்கு எழுத்தராய் இருந்த அப்துல்லா, 1854இல் ஹஜ்ஜுப் பயணத்தின்போது அரபு மண்ணில் மறைந்தார்.

அப்துல்லா ஒருவர் மட்டும் அல்லர். தனியே வந்த ஆடவர் பலர் மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். சமயம் ஒன்று; நெறி ஒன்று; கடையும் கையில் உண்டு; பெண்ணைப் பெற்றவர் மறுக்கக் காரணம் இல்லை. இம்மணங்களில் பிறந்தோர் ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். மலாய் மண்ணில் பிறந்தோர் என்பது பொருள். தந்தையின் கடையில் தமிழும் தாயின் அடுக்களையில் மலாயும் கேட்டு வளர்ந்த அவர்கள், ஆங்கிலமும் கற்று, எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தனர். 1876இல் சிங்கப்பூரில் தோன்றிய முதல் மலாய்ச் செய்தித்தாளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஜாவி பெரானாக்கான்' என்பதுதான். அதன் முதல் ஆசிரியர் முகம்மது சயீது பினாங்கிலிருந்து வந்தவர். அவ்விதழ் 1895 வரை வெளிவந்தது. மலாய் இதழியல் தமிழ்க்கலப்புடைய முஸ்லிம்களின் கையில் பிறந்தது என்று துணிந்து கூறலாம்.

இவ்விடத்தில் நம்மவருட் சிலர் பெருமூச்செறிவர். அவ்விளைஞர்தம் பேரர்கள் தமிழை மறந்தனர் என்பது உண்மையே. பினாங்கிலும் கெடாவிலும் 'மெரிக்கான்' என்னும் குடும்பப் பெயர் தாங்கியோர் உள்ளனர். மரைக்காயர் என்பதன் திரிபு அது. பெயரில் தமிழகம் எஞ்சியது. நாவில் மலாய் அமர்ந்தது. இதனை வெறும் இழப்பு என்று நாம் கருதவில்லை. ஒரு மொழிக்குச் செய்தித்தாள் தந்தவர்களை அழிந்தவர் என்று எங்ஙனம் கூறுவது? ஆயினும் இழப்பே இல்லை என்று கூறவும் மனம் ஒப்பவில்லை. தமிழகத்தில் பாட்டி கூறிய கதை அப்பேரனுக்கு எட்டாமற் போயிற்று.

தமிழைப் பேணியவரும் உண்டு. 1872இல் நாகூர்ப் புலவர் ஒருவர் இயற்றிய 'முனாஜாத்துத் திரட்டு' சிங்கப்பூரில் அச்சாயிற்று. அந்நகரில் அச்சான தமிழ் நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்று. பின்னாளில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துடன் தொடர்புகொண்ட நாகூர்க் குலாம் காதிறு நாவலர், பினாங்கில் தங்கி 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். 1887 முதல் 1890 வரை மகுதூம் சாகிபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வார இதழை வெளியிட்டார். முஸ்லிம் ஒருவர் நடத்திய இதழே ஆயினும் அதில் எல்லாச் சமயத் தமிழருக்கும் இடம் இருந்தது.

எல்லாம் இணக்கமாகவே நடந்தன என்று எண்ணற்க. பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலங்களின் வாடகை பெருகிய காலத்தில் அவற்றை ஆள்வோர் யார் என்னும் பூசலும் பெருகிற்று. பினாங்குச் சூலியரின் அறக்கட்டளைகள் சீர்குலைந்தமையால், 1905இல் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென ஆங்கில அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சுல்தான் பள்ளியின் பன்னிருவர் குழு இதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்ததாகும். எவர்க்கும் மிகுதியும் குறைவும் இல்லாத அவ்விருவர் கணக்கு, இத்தகைய பூசல்களைக் கண்டு தேர்ந்தோர் வகுத்தது போலத் தோன்றுகின்றது.

தமிழைப் பொறுத்தவரை நிலைமையை மாற்றியது மற்றொரு குடியேற்றம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குச் சென்றனர். கடையநல்லூர் நெசவாளர் ஊர். தறி ஓடாத காலத்தில் கப்பல் ஏறுவதன்றி வேறு வழி அவர்க்கில்லை. சென்னையிலிருந்து நாகை வழியே பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டு ஓடிய 'ரஜூலா' முதலிய கப்பல்களின் தளத்தில் மூட்டையோடு மூட்டையாய்ச் சென்றவர்கள் அவர்கள். ஆனால் முன்னைய சூலியரைப் போல அவர்கள் தனியே செல்லவில்லை. பிற இந்தியர் மனைவியரை ஊரில் விட்டுச் சென்ற காலத்திலேயே இவர்கள் மனைவி மக்களை உடனழைத்துச் சென்றனர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். வருவாய் போதாத வீடுகளில் பெண்கள் மசாலை அரைத்து விற்றும் தோசை சுட்டு விற்றும் குடும்பம் நடத்தினர்.

அம்மியருகே கேட்ட மொழியே பிள்ளைகளின் மொழியாயிற்று. சூலியரின் மக்கள் நூறாண்டில் மலாயராயினர். கடையநல்லூரார் மக்கள் தமிழராகவே வளர்ந்தனர். இருவர் சமயமும் ஒன்று. சென்ற ஊரும் ஒன்று. சுற்றிலும் ஒலித்த மொழியும் ஒன்று. வேறுபாடு வீட்டிலிருந்த தாய்.

1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அடுத்த ஆண்டே நகர் ஜப்பானியர் வசமாயிற்று. அப்பசிக்காலம் 1945இல் நீங்கியது. 1946இல் அச்சங்கத்தார் ஒரு பள்ளிக்கூடம் திறந்தனர். மறையோதும் மதரசா மட்டும் போதும் என்று அவர்கள் அமையவில்லை. அஃது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். எட்டயபுரத்தில் வாழ்ந்து, நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். கூலிவேலை செய்தும் தோசை விற்றும் சேர்த்த காசில் உயர்ந்த அப்பள்ளியில் இந்துப் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுடன் கற்றனர். 1960களில் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி என்னும் பெயரும் பெற்றது.

பின்னர்ப் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். மாணவர் குறைந்தனர். 1982இல் பள்ளி மூடப்பட்டது. அதனை நடத்தியவர் தோற்றனர் என்று சிலர் எழுதியதைப் படித்திருக்கின்றோம்; நாம் அவ்வாறு எண்ணவில்லை. புலவரின் பெயர் மறையவில்லை. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஆசிரியர் இல்லாத மாணவர், பல சமயத்தினர், வகுப்பு முடிந்த பின் தமிழ் கற்க வரும் நிலையம் ஒன்றைச் சிங்கப்பூர் அரசு நடத்தி வருகின்றது. அதன் வாயிலில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்று எழுதியிருக்கின்றது.